தொட்டியும் கடலும்: பாக் விரிகுடாக் கரையில் மீன் காட்சியகத்தின் கடமை

1. கேள்வி

இராமநாதபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் தேவிப்பட்டினம். அதைத் தாண்டித் திருப்பாலைக்குடி. அதற்கும் வடக்கே உப்பூர். இராமேசுவரம் போகும் குடும்பங்கள் உப்பூரில் விநாயகரை வணங்கி, தேவிப்பட்டினத்துக் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணத்தைச் சுற்றிவிட்டுச் சேதுவுக்குப் போவது நெடுநாள் வழக்கம். அந்த வழியில் இருக்கும் மீனவ ஊர் திருப்பாலைக்குடி. யாத்திரை வருவோர் இந்தக் கடலில் நீராடுகிறார்கள், தர்ப்பணம் செய்கிறார்கள், குழந்தைகளுக்கு அலையைக் காட்டுகிறார்கள். இந்த நீருக்கடியில் என்ன வாழ்கிறது என்பதை அறிந்துகொள்ள அவர்களுக்கு வாய்ப்பு மிகக் குறைவு.

இந்தக் குறையைத் தீர்க்க உலகெங்கும் பரிந்துரைக்கப்படும் வழி, குடும்பத்தோடு பார்க்கத்தக்க பொது மீன் காட்சியகம். கடலை நேசிக்கும் தலைமுறையை அது உருவாக்குகிறது, அழியும் உயிர்களைக் காக்கிறது என்பார்கள் அதன் ஆதரவாளர்கள். உயிர்களைச் சிறையிட்டுப் பொழுதுபோக்கு விற்கும் தொழிலுக்குப் பாதுகாப்பு என்ற பெயர் ஒரு போர்வைதான் என்பார்கள் எதிர்ப்பவர்கள். இரு தரப்பும் பெரும்பாலும் பெருநகரக் காட்சியகங்களை மனத்தில் வைத்தே வாதிடுகின்றன. இக்கட்டுரை அந்த வாதத்தை ஒரு குறிப்பிட்ட கரைக்குக் கொண்டுவந்து சோதிக்கிறது: திருப்பாலைக்குடி போன்ற ஊர்கள் வரிசையாக அமைந்த பாக் விரிகுடாக் கரையில், ஒரு மீன் காட்சியகம் எந்த நிபந்தனைகளை நிறைவேற்றினால் கடற்பாதுகாப்பில் தனக்குப் பங்கு உண்டு என்று சொல்லிக்கொள்ளலாம்?

தொட்டியின் அளவோ அதிலுள்ள உயிரின் அரிதுத்தன்மையோ இதற்கு அளவுகோலாகாது என்பது என் நிலைப்பாடு. தொட்டிக்கு வெளியே இருக்கும் கடலுக்கும் அந்தக் கடலில் வலை போடுவோருக்கும் காட்சியகம் என்ன திருப்பித் தருகிறது என்பதே அளவுகோல்.

2. இரண்டு காப்பகங்களுக்கு இடையே

பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். பெரும்பகுதி 15 மீட்டரைத் தாண்டாது. சூரிய ஒளி அடிமட்டம் வரை எட்டுவதால் அங்கே கடற்புல் செழித்து வளர்கிறது. மீனவர் அதைத் தாழை என்பார்கள். இறாலும் நண்டும் குஞ்சுப் பருவத்தைக் கழிப்பது இந்தத் தாழைக்குள்தான். கடல் குதிரை வாலைச் சுற்றிப் பிடித்துக்கொள்வதும், ஆவுளியா என்று கரையில் அழைக்கப்படும் கடற்பசு மேய்வதும் இங்கேதான். வளர்ந்த கடற்பசு ஒன்று நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோ வரை கடற்புல் தின்னும்.

இத்தகைய வளம் இருந்தும் திருப்பாலைக்குடிக் கரை, சட்டம் வரைந்த இரண்டு முக்கியக் காப்பு எல்லைகளுக்கும் இடையே விடுபட்டு நிற்கிறது. 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளும் 560 சதுர கிலோமீட்டரும் தெற்கே, மன்னார் வளைகுடாப் பக்கம் உள்ளன. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்த இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகம் ஏறக்குறைய 448 சதுர கிலோமீட்டர் பரப்புடையது; அது வடக்கே, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரைகளை ஒட்டியது. இந்தியக் கடலில் எஞ்சியிருக்கும் கடற்பசுக்கள் ஏறக்குறைய 240 என்றும் அவற்றுள் பெரும்பகுதி பாக் விரிகுடாவில் என்றும் அந்த அறிவிப்பின்போது அரசு தெரிவித்தது. கடற்பசுவுக்கு மாவட்ட எல்லை தெரியாது. வடக்கே காப்பகத்தில் மேயும் விலங்கு தெற்கே வந்தால், அதன் உயிர் நண்டு வலை விரித்திருக்கும் மீனவரின் முடிவைப் பொறுத்தது.

எனவே இந்தக் கரையில் பாதுகாப்பு என்பது வேலி போடும் வேலையாக இருக்க முடியாது. மக்களின் அறிவும் மனமும் சேர்ந்தால்தான் அது நடக்கும். காட்சியகம் என்ற நிறுவனத்துக்கு இங்கே ஒரு தேவை உண்டென்றால், அது இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

3. நமக்கு ஒரு மரபு உண்டு

மீன் காட்சியகம் ஐரோப்பியக் கேளிக்கையாக மட்டும் தொடங்கவில்லை. இலண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் 1853இல் மீன் இல்லம் திறக்கப்பட்டபோது கூட்டம் அலைமோதியது உண்மை. ஆனால் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் ஆன்டன் டோர்ன் 1872இல் நிறுவிய விலங்கியல் நிலையம் வேறொரு பாதையைக் காட்டியது. 1874இல் அங்கே பொதுமக்களுக்காகக் காட்சியகம் திறக்கப்பட்டது. கட்டணம் கொடுத்து வரும் மக்கள் கீழே மீன்களைப் பார்ப்பார்கள். அந்த வருமானம் மேலே நடக்கும் ஆய்வுக்கு உதவும். மக்கள் பார்ப்பதற்கும் விஞ்ஞானி ஆய்வதற்கும் ஒரே கட்டடம், ஒரே கடல்நீர்.

தமிழகம் இதில் பின்தங்கியிருக்கவில்லை. மெட்ராஸ் ஆளுநர் ஆம்ப்தில் காலத்தில் எழுந்த திட்டத்தின்படி, 1909 அக்டோபரில் மெரினா கடற்கரையில் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. அதன் பின்னால் இருந்தவர் அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன். அவர் அதற்கு முன்பே இராமேசுவரத்துக்கு வந்து, தீவின் கடலுயிர்களைச் சேகரித்து, மன்னார் வளைகுடா உயிரினங்களைப் பற்றிய அறிக்கைகளை வெளியிட்டவர். 1919இல் காட்சியகம் மீன்வளத்துறையின் பொறுப்புக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியத் தாக்குதல் அச்சத்தால் மூடப்பட்டது. பம்பாயில் தாராபோரேவாலா மீன் காட்சியகம் 1951இல்தான் திறக்கப்பட்டது என்பதை நினைத்தால், மெட்ராஸின் முன்னோடித்தன்மை விளங்கும்.

மெரினாவில் அறுந்த இழை மண்டபத்தில் வேறு வடிவில் தொடர்ந்தது. 1947இல் தொடங்கப்பட்ட மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1949இல் மண்டபம் முகாமுக்கு வந்தது. 1971இல் தலைமையகம் கொச்சிக்குப் போகும்வரை இந்தியாவின் கடல் மீன் ஆய்வுக்கு மண்டபமே மையம். இன்றும் மண்டல நிலையமாக இயங்கும் அதன் காட்சியகமும் அருங்காட்சியகமும், இராமேசுவரம் வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் குடும்பங்களுக்கும் பாக் விரிகுடாவையும் மன்னார் வளைகுடாவையும் கண்முன் காட்டுகின்றன. பாம்பன் தீவின் குந்துகாலில் வனத்துறையின் விளக்க மையமும் உண்டு.

இவற்றின் அடிப்படை இயல்பு ஒன்று: இவை தாம் நிற்கும் கரையின் உயிர்களைக் காட்டுகின்றன. கடலடிச் சுரங்கப்பாதைகளோடு அமையும் பெருநகரக் காட்சியகங்களுக்கு உலகின் எந்த மூலையிலிருந்தும் உயிர் வரலாம். அங்கே பார்வையாளருக்கு வியப்பு கிடைக்கும். தன் கரையோடு உறவு கிடைக்குமா என்பது தனிக் கேள்வி.

4. பார்த்தால் மனம் மாறுமா?

காட்சியகங்களின் முதன்மை வாதம் கல்வி. அதற்கான சான்றுகளைச் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும்.

அமெரிக்க விலங்குக்காட்சிச் சாலைகள், மீன் காட்சியகங்களின் சங்கம் 2007இல் வெளியிட்ட ஆய்வு, வருகை மக்களின் மனப்பாங்கைப் பாதுகாப்பின் பக்கம் திருப்புவதாகச் சொன்னது. லோரி மரினோவும் சக ஆய்வாளர்களும் 2010இல் அதன் ஆய்வுமுறையைக் கேள்விக்குள்ளாக்கி, அந்த முடிவுக்கு வரப் போதிய ஆதாரம் இல்லை என்று வாதிட்டார்கள். 2015இல் ஆண்ட்ரூ மாஸ் குழுவினர் உலகெங்கும் 30க்கும் மேற்பட்ட நிறுவனங்களில் 6,000க்கும் மேற்பட்ட பார்வையாளர்களிடம் நடத்திய ஆய்வு வெளிவந்தது. உயிர்ப்பன்மை பற்றி ஓரளவேனும் புரிதல் காட்டியவர்கள் உள்ளே நுழையும்போது 69.8 விழுக்காடு, வெளியேறும்போது 75.1 விழுக்காடு. அதைக் காக்கத் தனிமனிதர் செய்யக்கூடிய ஒரு செயலையாவது சொல்ல முடிந்தவர்கள் 50.5 விழுக்காட்டிலிருந்து 58.8 விழுக்காடாக உயர்ந்தார்கள்.

இந்த எண்களை இரு விதமாகவும் வாசிக்கலாம். உயர்வு உண்டு, அது சிறியது. வாசலில் சொன்ன பதில் வீட்டில் நடத்தையாக மாறியதா என்பதை இவை காட்டவில்லை. எனினும் ஒரு விவரம் கவனத்துக்குரியது. பொதுப் புரிதல் 5.3 புள்ளி உயர்ந்தது. செய்யத்தக்க செயல் பற்றிய அறிவு 8.3 புள்ளி உயர்ந்தது. தெளிவான செயல் ஒன்றை முன்வைக்கும்போது காட்சியகத்தின் சொல் கூடுதலாகப் பதிகிறது என்று இதை நான் பொருள்கொள்கிறேன்.

கலிபோர்னியாவின் மான்டரே வளைகுடா மீன் காட்சியகம் இதை முன்னரே உணர்ந்தது. மத்தி மீன் வளம் சரிந்து மூடப்பட்ட ஒரு தகரடப்பா ஆலையின் இடத்தில் 1984இல் திறக்கப்பட்ட அந்நிறுவனம், எந்தக் கடலுணவை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம் என்று மக்களுக்குச் சொல்லும் திட்டத்தை 1999இல் தொடங்கியது. பார்வையாளர் கண்ணாடி முன் நின்ற நேரம் முடிந்த பிறகு, மீன்கடையில் அவருடைய கை எதை எடுக்கிறது என்பதில் அது அக்கறை கொண்டது.

இதற்கு இணையாகப் பாக் விரிகுடாவில் செய்யத்தக்கது கண்ணெதிரே இருக்கிறது. இந்தக் கரையின் வருமானத்தில் நீலக்கால் நண்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அதன் சதை பதப்படுத்தப்பட்டு வெளிநாட்டுக்கும் போகிறது. வயிற்றடியில் முட்டைக் கொத்தைச் சுமக்கும் சினை நண்டைப் பிடித்து விற்பது வரும் பருவத்தின் வலையைக் காலியாக்கும். மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வரும் குடும்பத்துக்கு, தொட்டியில் ஓர் உயிருள்ள சினை நண்டைக் காட்டி, கடையில் இதைக் கேட்காதீர்கள், கொடுத்தாலும் வாங்காதீர்கள் என்று சொல்வது எளிது. வாங்குவோர் குறைந்தால், அதைக் கடலில் திருப்பி விடும் மீனவருக்கு இழப்பும் குறையும். ஆயிரம் வண்ண மீன்களின் பெயர்ப் பலகைகளைவிட இந்த ஒரு தொட்டி கடலுக்குக் கூடுதல் நன்மை செய்யும்.

5. தொட்டிக்குள் இருக்கும் உயிர் எங்கிருந்து வந்தது?

கல்வியின் பயனை எவ்வளவு உயர்த்திக் கணக்கிட்டாலும், தொட்டியை நிரப்பக் கடலை வெறுமையாக்கினால் அந்தக் கணக்கு நேராகாது. நன்னீர் அலங்கார மீன்களில் மிகப் பெரும்பாலானவை பண்ணையில் பிறப்பவை. கடல் அலங்கார மீன்களின் நிலை நேர்மாறு: இன்றும் பெரும்பாலானவை பவளத் திட்டுகளிலிருந்து பிடிக்கப்படுகின்றன.

மன்னார் வளைகுடாப் பவளம் ஏற்கெனவே பலமுறை அடிபட்டது. சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் வெட்டியெடுக்கப்பட்டது. 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் மூழ்கியதற்கு அதுவும் காரணம். தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கெடுப்புப்படி, 2016 வெப்ப ஆண்டின் வெளிறலுக்குப் பிறகு உயிர்ப்பவளப் பரப்பு 38.9 விழுக்காட்டிலிருந்து 22.7 விழுக்காடாகச் சரிந்தது. இப்படி மெலிந்த திட்டிலிருந்து அழகுக்காக ஒரு மீனைக்கூட எடுக்க நியாயமில்லை.

மாற்று வழி இதே கரையில் உருவானது. கோமாளி மீன், டாம்சல் மீன் போன்றவற்றைப் பொரிப்பகத்தில் முட்டையிலிருந்து வளர்க்கும் நுட்பத்தை மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் மண்டபம் உள்ளிட்ட தன் நிலையங்களில் கண்டறிந்து, பயிற்சியும் அளித்துவருகிறது. அலங்கார மீனைத் தாண்டி, கடல் விரால் என்னும் கோபியாவை 2010இல் இந்தியாவில் முதன்முதலாக இனப்பெருக்கம் செய்ய வைத்ததும் மண்டபமே. ஆகவே இந்த மாவட்டத்தில் அமையும் எந்தக் காட்சியகமும், பொரிப்பகத்தில் பிறந்த மீனையே காட்டுவோம் என்று உறுதியேற்கத் தடையில்லை. அந்தப் பொரிப்பகத்தை மீனவப் பெண்களின் சுயஉதவிக் குழு நடத்தினால், காட்சியகத்துக்கு மீன் வழங்கும் வருமானமும் ஊருக்குள் தங்கும்.

காட்சியகம் கடலுக்குத் திருப்பித் தந்ததற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு இந்தோனேசியாவின் இராஜா அம்பாட். அங்கே ஏறத்தாழ மறைந்துபோன சிறுத்தைச் சுறாவை மீட்க, வெளிநாட்டுக் காட்சியகங்களில் இடப்பட்ட முட்டைகள் விமானத்தில் கொண்டுவரப்பட்டன. உள்ளூரில் பொரித்து வளர்க்கப்பட்ட குட்டிகள் 2023 முதல் கடலில் விடப்படுகின்றன. இந்த வெற்றிக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு: விடப்பட்ட கடல் முன்பே காக்கப்பட்ட கடல். இழுவைமடி நாள்தோறும் அடியைச் சுரண்டும் நீரில் குட்டிகளை விட்டால் அவை மடிக்குத்தான் போகும். இராமநாதபுரம் கடலில் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற ஏற்பாடும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலமும், இரட்டைமடித் தடையும் ஒழுங்காக நடந்தால்தான் பொரிப்பகத்தின் உழைப்புக்குப் பொருள் உண்டு. தொட்டி கடலுக்கு மாற்றாகாது என்பதைக் காட்சியகமே பார்வையாளரிடம் சொல்ல வேண்டும்.

6. காட்டக்கூடாதவை

எல்லா உயிரையும் காட்டலாம் என்ற எண்ணம் தவறு என்பதற்கு நம் அனுபவமே சான்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இயங்கிய ஒரு கேளிக்கைப் பூங்காவுக்காக 1998இல் இறக்குமதி செய்யப்பட்ட டால்பின்கள் சில மாதங்களிலேயே இறந்தன. 2013 மே மாதம் மத்திய அரசு டால்பின் காட்சியகங்களுக்கு நாடு முழுவதும் தடை விதித்தது. அறிவும் உறவுப் பிணைப்பும் மிகுந்த விலங்கைத் தொட்டியில் அடைப்பது கல்வியாகாது என்ற அந்த முடிவு சரியானது.

கடற்பசு இன்னும் சிக்கலான வழக்கு. மண்டபத்தில் வைத்து வளர்க்கப்பட்ட ஒரு ஜோடி கடற்பசுக்களைப் பற்றி, அன்று மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக இருந்த எஸ். ஜோன்ஸ் 1959இல் இந்தியக் கடல் உயிரியல் சங்கத்தின் ஆய்விதழில் எழுதினார். கடற்பசுவின் உணவு, நடத்தை பற்றி உலகம் குறைவாகவே அறிந்திருந்த காலம் அது. அந்தப் பதிவு பின்வந்த ஆய்வுகளுக்கு அடிப்படையாயிற்று. அன்று அதற்கு நியாயம் இருந்தது. இன்று அதைத் திரும்பச் செய்ய நியாயமில்லை. கடற்பசு 13 மாதங்களுக்கு மேல் கருச் சுமந்து ஒரே கன்றை ஈனும். அடுத்த கன்றுக்குப் பல ஆண்டுகள் ஆகும். சில நூறு மட்டுமே எஞ்சிய கூட்டத்திலிருந்து ஒன்றை எடுப்பதும் பெரும் இழப்பு. தவிரவும், அது நாள்தோறும் தின்னும் தாழையை அறுத்துத் தர ஒரு மேய்ச்சல் நிலத்தையே அழிக்க வேண்டிவரும். எலும்புக்கூடு, முழு அளவு உருவம், கடலடியில் எடுத்த படம் இவற்றால் ஆவுளியாவைக் குழந்தைகளுக்கு நன்றாகவே அறிமுகப்படுத்தலாம்.

கடல் குதிரையும் கடல் அட்டையும் வேறுவகைப் பாடம். 2001 ஜூலையில் இவை வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. கடல் அட்டை எடுத்தே குடும்பம் நடத்திய பல மீனவர்கள் ஒரே நாளில் குற்றவாளிகளாக்கப்பட்டதாக உணர்ந்தார்கள். விரிகுடாவின் மறுகரையில், இலங்கையில், அதே அட்டை சட்டப்படி எடுக்கவும் பண்ணையில் வளர்க்கவும் படுகிறது. தடையின் நோக்கம் நல்லது. ஆனால் அது அறிவியலை மக்களுக்கு எடுத்துச் சொல்லி வந்த தடையல்ல. கடல் அட்டை மணலைத் தின்று தூய்மையாக்கி வெளியேற்றுவதையும், கடல் குதிரையில் ஆண் தன் பையில் குஞ்சுகளைச் சுமப்பதையும் மீனவர் குடும்பமே கண்ணால் பார்த்திருந்தால், சட்டத்துக்கும் கரைக்கும் நடுவே இவ்வளவு தூரம் விழுந்திருக்காது. உரிய அனுமதியோடு ஆய்வு நிறுவனங்கள் இவற்றைக் காட்டுவதற்கு வலுவான காரணம் உண்டு. அந்தக் காட்சியின் முதல் பார்வையாளர் திருப்பாலைக்குடியின் பிள்ளைகளாக இருக்க வேண்டும்.

7. பேசும் உரிமை யாருக்கு?

காட்சியகம் பற்றிய எழுத்துகளில் மீனவர் பெரும்பாலும் இரண்டு வேடங்களில்தான் வருகிறார்: கடலைக் கெடுப்பவர், அல்லது திருத்தப்பட வேண்டியவர். உண்மை வேறு. வலையில் சிக்கிய ஆவுளியாவை வலையை அறுத்துக் கடலில் விட்ட மீனவர்களை வனத்துறை பலமுறை பாராட்டிப் பரிசளித்திருக்கிறது. இந்திய வனவுயிர் நிறுவனத்தின் கடற்பசு மீட்புத் திட்டம் மீனவத் தன்னார்வலர்களின் தகவலை நம்பி நடந்தது. மீனவப் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும் தந்தது. தஞ்சாவூர்க் கரையில் ஓம்கார் நிறுவனம் மூங்கில் சட்டத்திலும் கயிற்றிலும் கடற்புல்லைக் கட்டி அழிந்த தாழைத் திடல்களை மீட்டுவருவதும் உள்ளூர் மீனவரின் துணையோடுதான்.

திருப்பாலைக்குடிக்கு வடக்கே, தொண்டி வழியில் உள்ள காரங்காடு இன்னொரு மாதிரி. வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து நடத்தும் சூழல் சுற்றுலாவில், அலையாத்திக் காட்டின் ஊடே படகில் அழைத்துச் செல்பவர்கள் அந்த ஊர்க்காரர்கள். பறவையின் பெயரையும் சேற்றின் ஆழத்தையும் தங்கள் மொழியில் சொல்பவர்களும் அவர்களே. இங்கே எந்த உயிரும் பிடிபடவில்லை; பார்வையாளர்தான் உயிர்களின் இடத்துக்குப் போகிறார். முதியவர், கைக்குழந்தை, நடக்க இயலாதவர் எல்லோரும் படகில் ஏற முடியாது. காற்றுக் காலத்தில் படகே போகாது. அவர்களுக்குக் காட்சியகம் தேவை. ஆகவே காட்சியகமும் காரங்காடும் ஒன்றுக்கொன்று துணை நிற்க வேண்டியவை.

8. முடிவு

பொது மீன் காட்சியகங்கள் கடற்பாதுகாப்புக்குத் தாமாகவே உதவிவிடுவதில்லை. உதவவே முடியாதவையும் அல்ல. மேலே கண்ட சான்றுகளிலிருந்து பாக் விரிகுடாக் கரைக்கு நான்கு நிபந்தனைகளை வகுக்கலாம். முதலாவது, காட்டப்படும் உயிர்கள் இந்தக் கடலுக்கு உரியவையாகவும், இயன்றவரை பொரிப்பகத்தில் பிறந்தவையாகவும் இருக்க வேண்டும். இரண்டாவது, பார்வையாளர் வெளியேறும்போது செய்யத்தக்க ஒரு செயலையாவது அறிந்து செல்ல வேண்டும். சினை நண்டை வாங்காதிருப்பது அதன் தொடக்கம். மூன்றாவது, கடற்பசு, டால்பின் போன்றவை எந்தக் காரணத்துக்காகவும் காட்சிக்காகப் பிடிக்கப்படக் கூடாது. கரையொதுங்கும் ஆமைக்கும் காயம்பட்ட விலங்குக்கும் மருத்துவம் பார்க்கும் இடம் காட்சியகத்தோடு சேர்ந்தே இருக்க வேண்டும். நான்காவது, விளக்கிச் சொல்லும் பணியும் வருமானத்தின் ஒரு பங்கும் மீனவ ஊர்களுக்கு உரியவையாக வேண்டும். அந்தப் பங்கு கடற்புல் மீட்புக்குச் செல்ல வேண்டும்.

இவற்றில் எதுவும் புதிதாக வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. ஆய்வும் பொதுமக்களும் ஒரே கூரைக்கீழ் என்ற மரபு மண்டபத்தில் இருக்கிறது. பொரிப்பக நுட்பம் இருக்கிறது. மீனவரின் அறிவு ஒவ்வொரு குப்பத்திலும் இருக்கிறது. யாத்திரை வழியில் மக்கள் கூட்டம் ஆண்டு முழுதும் வந்துகொண்டே இருக்கிறது. இந்த நான்கையும் ஒன்றாக இணைக்கும் கொள்கை மட்டுமே இல்லை. மீன்வளத்துறையும் வனத்துறையும் மண்டபத்து ஆய்வு நிலையமும் கடலோர ஊராட்சிகளும் ஒரே மேசையில் அமர்ந்து அதை வகுக்க வேண்டும். அப்படி அமையும் காட்சியகத்தின் ஆண்டறிக்கையில், வந்து போனவர்களின் எண்ணிக்கைக்கு முன்னால், அந்த ஆண்டில் எத்தனை ஹெக்டேர் தாழை மீண்டது, எத்தனை உயிர்கள் வலையிலிருந்து கடலுக்குத் திரும்பின என்ற கணக்கு இடம்பெற வேண்டும். அதைப் பொதுமக்கள் கேட்டுப் பெறும் நாளில்தான் காட்சியகத்தின் பாதுகாப்புப் பணி பற்றிய விவாதம் சான்றின் அடிப்படையில் நடக்கும்.